மூவேந்தவேளான் எங்க தாத்தாவா?

எங்கள் ஊர் சிவன் கோயில் கல்வெட்டில் ஒரு மூவேந்தவேளான் வருகிறார். நந்தா விளக்கு எரிக்க 96 ஆடு கொடுத்தவர். "அவர்தான் நம்ம மூதாதை. கும்பாபிஷேகப் பத்திரிகையில போட்டுடலாம்" என்றார் அப்பா. அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

முதலில் சோழர் காலப் பெயரைப் பிரிக்கத் தெரியவேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் ஸ்ரீகாரியம் பார்த்த அதிகாரியின் பெயர் இது: பொய்கைநாடு கிழவன் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான். கிழவன் என்றால் வயசானவர் இல்லை, அந்த நாட்டின் உடைமைக்காரர். ஆதித்தன் அப்பா பெயர், சூரியன் இவர் பெயர். நம்ம இனிஷியல் மாதிரியேதான். 'ஆன' என்பதற்குப் பின்னால் வருவது பட்டம்.

சிக்கலே இங்கேதான். மூவேந்தவேளான் என்பது அரசன் அதிகாரிகளுக்குக் கொடுத்த பட்டம், குடும்பப் பெயர் அல்ல. கராஷிமா, சுப்பராயலு, மட்சுயி மூவரும் 1978இல் வெளியிட்ட சோழர் கல்வெட்டுப் பெயர்த் தொகுதிகளைப் புரட்டினால் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ மூவேந்தவேளான்கள். பட்டத்தை வைத்து வம்சம் பிடிப்பது, 'தாசில்தார்' என்ற சொல்லை வைத்துச் சொந்தக்காரரைத் தேடுவது போல.

அடுத்தது இடைவெளி. பழைய பத்திரங்களை வைத்து நான் பின்னோக்கிப் போனதில் ஐந்தாவது தலைமுறையோடு நின்றுவிட்டது. கல்வெட்டுக்கும் இப்போதைக்கும் சுமார் 1000 வருஷம். தலைமுறைக்கு 25 வருஷம் வைத்தால் 40 தலைமுறை. நடுவில் 35 படிகளுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட என்னிடம் இல்லை.

கணக்கும் வேடிக்கையானது. அப்பா அம்மா 2, தாத்தா பாட்டி 4 என்று இரட்டித்துக்கொண்டே போனால் 40ஆம் படியில் 1 லட்சம் கோடிக்கு மேல் வரும். உலகத்தில் அத்தனை பேர் இருந்ததே இல்லை. அப்படியென்றால் ஒரே ஆட்கள்தான் திரும்பத் திரும்ப எல்லாக் கிளையிலும் வருகிறார்கள். அந்த ஆடு கொடுத்தவரின் வம்சம் இன்றும் தொடர்ந்தால், அவர் எங்களுக்கு மட்டும் தாத்தாவாக இருக்க வாய்ப்பே இல்லை.

அப்பாவிடம் சொன்னேன். "அப்போ அவர் நம்ம ஆளு இல்லேங்கிறியா?"

"இல்லைன்னு சொல்லலப்பா. ஆதாரம் இல்லைன்னுதான் சொல்றேன்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் பேனாவை எடுத்து 'எங்கள் மூதாதை' என்பதை அடித்துவிட்டு 'நம் ஊர்க் கோயிலுக்கு விளக்கு வைத்தவர்' என்று எழுதினார். "ஊருக்கே தாத்தாவா இருந்துட்டுப் போகட்டும்."