வாய் மூடாத நாரை

வேடந்தாங்கலுக்குப் போய் வந்த வாசகர் ஒருவர், “ஒரு நாரையின் அலகு நடுவில் ஒட்டாமல் இருந்தது. அடிபட்டிருக்குமோ?” என்று கேட்டு எழுதியிருக்கிறார். அடியெல்லாம் இல்லை. அது நத்தைகுத்தி நாரை. அதன் அலகே அப்படித்தான். மார்கழியில் அங்கே போகிறவர்கள் கூழைக்கடாவையும் ஊசிவால் வாத்தையும் தேடுவார்கள். எனக்கு இந்தச் சாம்பல்வெள்ளை நாரைமேல்தான் பிரியம்.

பொரிந்த குஞ்சின் அலகில் இந்த இடைவெளி கிடையாது. வளர வளரத்தான் உண்டாகிறது. நத்தை ஓட்டை அதில் வைத்து நொறுக்கும் என்று 1960இல் உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி கருதினார். அவர் ஆராய்ந்தது பாடம் செய்த பறவைகளை. உயிருள்ள நாரை இரை தின்பதைக் கவனித்தவர்கள் கண்டது வேறு. மேலலகால் நத்தையைத் தரையோடு அழுத்திக்கொண்டு, கீழலகின் கூர்நுனியை ஓட்டின் வாய்க்குள் விட்டுச் சதையை உருவி எடுக்கிறது. பெருவிரலை விட்டு நுங்கை நோண்டி எடுப்போமே, அந்தக் கைப்பக்குவம்தான். கீழலகின் நுனி பெரும்பாலும் வலப்பக்கம் சற்றுத் திரும்பியிருப்பதும் இந்த வேலைக்குத் தோதாகத்தான். எல்லாம் தண்ணீருக்குள்ளேயே நடந்துவிடும். கண்ணைக் கட்டினாலும் இந்த நாரை நத்தையை எடுத்துவிடும் என்று பறவையியலாளர் ஜெர்டன் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார்.

சரி, நத்தை எங்கே இருக்கிறது? வேடந்தாங்கல் ஏரியில் மட்டுமல்ல, சுற்றுவட்டார நெல்வயல்களிலும் வாய்க்கால்களிலும்தான். நாரைகள் ஏரிக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் கூடு கட்டி, வயலில் மேய்ந்துவிட்டுத் திரும்புகின்றன. அவற்றின் எச்சம் விழுந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரமாகப் பாய்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலை ஊரார் அறிந்திருந்தார்கள். 1798இலேயே செங்கல்பட்டு கலெக்டரிடமிருந்து பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதி வாங்கினார்கள். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் இடம் கிடைப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முந்திய பாதுகாப்பு அது.

இன்று நாம் ஏரிக்கு வேலி போட்டுவிட்டு, வயலில் பூச்சிமருந்தைக் கொட்டுகிறோம். நத்தை செத்தால் நாரைக்கு வேலி சோறு போடாது. சரணாலயம் என்பது அந்தச் சுமார் 30 ஹெக்டேர் ஏரி மட்டுமே என்று நினைப்பதுதான் நம் பெரிய பிழை.

அடுத்த முறை போகும்போது பைனாகுலரோடு போங்கள், பாட்டுப்பெட்டி வேண்டாம். எத்தனை வகை பார்த்தோம் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, ஏரிக்குப் போகும் வழியில் வயலோரம் நின்று, ஒரே ஒரு நாரை நத்தை எடுப்பதைப் பொறுமையாகப் பாருங்கள்.