கொரோனாவுக்குக் கதவு திறக்கும் மரபணு... புற்றுநோய் ஆய்வில் கிளம்பிய சந்தேகம்!

2020 பிப்ரவரி. கொரோனா சீனாவைத் தாண்டிப் பரவத் தொடங்கியிருந்த நேரம். 'லான்செட் ஆன்காலஜி' மருத்துவ இதழில் சீன மருத்துவர்களின் சின்ன அறிக்கை ஒன்று வெளியானது. தொற்று உறுதியான 1,590 பேரில் 18 பேர் புற்றுநோய் உள்ளவர்கள், அல்லது அதிலிருந்து மீண்டவர்கள். அந்த 18 பேரில் 7 பேருக்கு நிலைமை மோசமாகி, வென்டிலேட்டர் வரை போனது. அல்லது உயிரே போனது. சதவிகிதக் கணக்கில் 39. மற்றவர்களுக்கு அது வெறும் 8.

18 பேரை வைத்து எந்த முடிவுக்கும் வந்துவிட முடியாதுதான். ஆனால், கீமோதெரபிக்குத் தேதி குறித்துவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு அந்தச் செய்தி போதாதா? ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா பயம். போகாவிட்டால் புற்றுநோய் பயம். 'எனக்கு ஆபத்து எவ்வளவு டாக்டர்?' என்ற கேள்விக்கு அன்று எந்த டாக்டரிடமும் பதில் இல்லை.

நோயாளிகளைப் பின்தொடர்ந்து பதில் கண்டுபிடிக்க மாதக்கணக்கில் ஆகும். ஆனால், ஆய்வாளர்களின் கைவசம் ஏற்கெனவே ஒரு புதையல் இருந்தது. அமெரிக்க அரசின் ஆய்வு அமைப்புகள் 2006-ல் தொடங்கிய புற்றுநோய் மரபணுத் தொகுப்பு அது. 33 வகைப் புற்றுநோய்கள், 11,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மாதிரிகள். எந்த மரபணு எந்தக் கட்டியில் எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்கிறது என்ற விவரம் அதில் இருக்கிறது. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் அலசலாம். லாக்டௌனில் ஆய்வகம் பூட்டிக்கிடந்தவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

மரபணுவின் 'சுறுசுறுப்பு' என்பது என்ன? ஹோட்டலை நினைத்துக்கொள்ளுங்கள். மெனு கார்டு எல்லா மேஜையிலும் ஒன்றுதான். நம் உடம்பின் செல்களிலும் டி.என்.ஏ அப்படித்தான், ஏறக்குறைய ஒரே மெனு. ஆனால், சமையலறைக்குப் போகும் ஆர்டர் சீட்டு மேஜைக்கு மேஜை மாறும். அந்தச் சீட்டுதான் ஆர்.என்.ஏ. ஈரல் செல்லிலிருந்து ஒரு விதமான சீட்டு போகும், நுரையீரல் செல்லிலிருந்து வேறு விதம். சீட்டுகளை எண்ணினால் உள்ளே எது அதிகம் தயாராகிறது என்று ஊகிக்கலாம். ஊகிக்கத்தான் முடியும். சீட்டு போனதெல்லாம் அதே அளவில் இலைக்கு வந்துவிடுவதில்லை!

2020 மார்ச்சில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகர ஆய்வாளர்கள், கொரோனா வைரஸ் செல்லுக்குள் நுழையும் வழியைக் காட்டினார்கள். செல்லின் மேலிருக்கும் 'ஏசிஇ2' என்ற புரதத்தை வைரஸ் பிடித்துக்கொள்கிறது. பிறகு 'டிஎம்பிஆர்எஸ்எஸ்2' என்ற இன்னொரு புரதம், வைரஸின் முள்ளைக் கத்தரித்து உள்ளே போக வழி செய்கிறது.

இரண்டாவது பெயரைக் கேட்டதும் புராஸ்டேட் புற்றுநோய் ஆய்வாளர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அது அவர்களுக்குப் பழகிய பெயர். இந்த மரபணு இன்னொரு மரபணுவோடு ஒட்டிக்கொள்வது, புராஸ்டேட் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் நடக்கிறது. அதை 2005-ல் உலகுக்குச் சொன்னது மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையனின் குழு. புராஸ்டேட்டில் அந்த மரபணுவை முடுக்கிவிடுவது ஆண் ஹார்மோன். புராஸ்டேட் புற்றுநோய்க்குத் தரும் முக்கிய சிகிச்சையோ, ஆண் ஹார்மோனை அடக்குவது. அப்படியென்றால், அந்தச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு கொரோனா கதவு பாதி மூடியிருக்குமா? ஆண்களே அதிகம் இறக்கிறார்கள் என்ற செய்தியும் சேர்ந்துகொள்ள, கணக்கு அழகாகப் பொருந்துவதுபோல் தோன்றியது.

இத்தாலியின் வெனெட்டோ மாகாணத்தில் பார்த்தார்கள். ஹார்மோனை அடக்கும் சிகிச்சையில் இருந்த 5,273 புராஸ்டேட் புற்றுநோயாளிகளில் தொற்று வந்தது 4 பேருக்கு. அந்தச் சிகிச்சையில் இல்லாத 37,161 பேரில் 114 பேருக்கு. நான்கு மடங்கு வித்தியாசம்! 2020 மே மாதம் இது வெளியானதும் உலகமே பரபரத்தது. அந்த 'நான்கு பேர்' என்பது எவ்வளவு சின்ன எண், நோய் முற்றியவர்கள் வீட்டைவிட்டு வெளியே வராமலே இருந்திருக்கலாமே என்பதையெல்லாம் நிதானமாக யோசித்தவர்கள் குறைவு.

யோசித்தவர்கள் நுரையீரல் பக்கம் திரும்பினார்கள். வைரஸ் தாக்குவது மூக்கையும் நுரையீரலையும்தானே! ஆரோக்கியமான நுரையீரல் திசுக்களின் மரபணுத் தரவுகளில் ஆண், பெண் வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. ஹார்மோனை அடக்கினால் அங்கேயும் அந்த மரபணு அடங்குமா என்பதில் ஆய்வகங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. சின்னையனின் குழு 'அடங்கும்' என்றது. வேறு ஆய்வகங்கள் 'அப்படித் தெரியவில்லை' என்றன.

தீர்ப்பு சொன்னது நேரடிப் பரிசோதனைதான். அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளில், கொரோனாவுடன் சேர்க்கப்பட்ட 96 ஆண்களில் ஒரு பகுதியினருக்கு ஹார்மோனை அடக்கும் 'டெகாரெலிக்ஸ்' ஊசியும், மற்றவர்களுக்கு மருந்தில்லா ஊசியும் போடப்பட்டன. பலன் எதுவும் இல்லை. ஸ்வீடனில் 'என்சலூட்டமைட்' மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்கள் ஆஸ்பத்திரியில் கூடுதல் நாள் கிடந்ததுதான் மிச்சம். ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். பிறகு வந்த ஒமைக்ரானோ அந்தக் கத்தரிக்கோலை அவ்வளவாக நம்பவே இல்லை. வேறு வழியாக உள்ளே போகப் பழகியிருந்தது.

அப்படியானால் தரவு பொய் சொன்னதா? இல்லை. புராஸ்டேட்டில் எண்ணிய சீட்டை வைத்து நுரையீரலின் சமையலைச் சொல்லப் போனதுதான் சிக்கல். தவிர, கட்டியிலிருந்து எடுத்த துண்டை மொத்தமாக அரைத்து எண்ணும்போது புற்றுநோய் செல், ரத்தக்குழாய் செல், வெள்ளை அணு எல்லாம் கலந்துவிடுகின்றன. எந்தச் செல்லின் சீட்டு எது என்று தெரியாது. ஒவ்வொரு செல்லாகப் பிரித்து எண்ணும் முறை இதற்கு வந்த மாற்று. மூக்கின் உள்சுவரில் இருக்கும் சில செல்களில் அந்த இரண்டு மரபணுக்களும் சேர்ந்தே வேலை செய்வதை, 2020 ஏப்ரலிலேயே அந்த முறை காட்டிவிட்டது.

காலப்போக்கில் நோயாளிகளின் கணக்கே பதிலைத் தந்தது. அதிக ஆபத்து ரத்தப் புற்றுநோய்க்காரர்களுக்கு. கதவு எப்படி இருக்கிறது என்பதைவிட, காவலாளி இருக்கிறாரா என்பதுதான் அங்கே பிரச்னை. ஆன்டிபாடி தயாரிக்கும் பரம்பரையான பி செல்களை அழிக்கும் 'ரிடக்சிமேப்' போன்ற மருந்து எடுத்தவர்களில் பலருக்கு, தடுப்பூசி போட்டும் ஆன்டிபாடி உருவாகவில்லை. எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு மூன்றாவது டோஸ் போட 2021 ஆகஸ்ட்டில் அமெரிக்கா அனுமதித்ததற்கு இத்தகைய நிலையும் காரணம். இதே மருந்து, உடம்பில் பதுங்கியிருக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸையும் தட்டி எழுப்பக்கூடியது. அதனால்தான் ஆரம்பிக்கும் முன் அதற்கான ரத்தப் பரிசோதனை கட்டாயம். வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சை தொடங்குகிறது என்றால், அந்த ரிப்போர்ட்டைப் பார்த்தாகிவிட்டதா, எந்தத் தடுப்பூசி எப்போது போடலாம் என்று டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.

அமெரிக்கத் தொகுப்பில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் வெள்ளையர்கள். நம் ஊர் கட்டிகள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை அதில் தேடிப் பயனில்லை. 2025 பிப்ரவரியில் சென்னை ஐ.ஐ.டி, இந்திய மார்பகப் புற்றுநோயாளிகள் 480 பேரின் மரபணுத் தரவை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டது. அது மெனு கார்டு. ஆர்டர் சீட்டுகளை எண்ணும் வேலை இனிமேல்தான்.