பந்து அந்தப் பக்கம் போகும்போது

17 வயதுப் பையன் ஒருவன் வலது ஃபுல் பேக்காக ஆடுகிறான். பெரிய லீக்கில் அவன் நிலைப்பானா என்று ஸ்கவுட் தன் கிளப்புக்குச் சொல்லியாக வேண்டும். ஸ்ட்ரைக்கர் என்றால் கோல் கணக்கு கண்ணெதிரே இருக்கும். ஃபுல் பேக்கின் நல்ல ஆட்டத்தில் பாதி, நடக்காமல் போனவைதான்: வராத கிராஸ், வழி கிடைக்காமல் பின்னுக்குப் பந்தைத் தள்ளிவிட்ட விங்கர், திறக்காத இடைவெளி. ஆகவே எதை, எந்த வரிசையில் பார்ப்பது என்பது இங்கே மிக முக்கியம்.

மைதானத்துக்குப் போகுமுன் பிறந்த மாதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் அகாடமிகளில் வயதுப் பிரிவு செப்டம்பர் 1-இல் தொடங்குகிறது. செப்டம்பரில் பிறந்தவனும் மறு ஆகஸ்டில் பிறந்தவனும் ஒரே அணியில் ஆடுவார்கள். 14 வயதில் அந்தப் பதினோரு மாதம் உயரத்திலும் தொடை பலத்திலும் பெரிய வித்தியாசம் காட்டும். வயதுப் பிரிவின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அகாடமிகளில் அதிகம் இருப்பதற்கு இதுதான் காரணம். ஓடி முந்துகிறவன் திறமையால் முந்துகிறானா, முன்னதாக வளர்ந்துவிட்டதால் முந்துகிறானா என்று பிரித்துப் பார்க்காத அறிக்கைக்கு மதிப்பில்லை.

அடுத்து, இரண்டு ஆண்டுகளுக்கு முன் எந்த இடத்தில் ஆடினான் என்று கேளுங்கள். ஃபுல் பேக்குகளில் பலர் வேறு இடத்திலிருந்து வந்தவர்கள். ஆஷ்லி கோல் சிறுவனாக ஸ்ட்ரைக்கர். ஜோர்டி ஆல்பாவும் வான்-பிசாகாவும் விங்கர்கள். டிரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னால்ட் லிவர்பூல் அகாடமியில் மிட்ஃபீல்டராக ஆடியவர். இடம் மாறி ஆறு மாதமே ஆனவன் ஆஃப்சைடு கோட்டைத் தவறவிட்டால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சொல்லிக்கொடுத்தால் வந்துவிடும்.

உட்காரும் இடம் உயரமாக, முடிந்தால் கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கட்டும். நடுப் பக்கவாட்டில் உட்கார்ந்தால் கண் பந்தோடு போய்விடும். முதல் 15 நிமிடம் பந்தைப் பார்க்கவே கூடாது. பையனை மட்டும் பாருங்கள்.

பந்து எதிர்ப் பக்கம் இருக்கும்போது அவன் செய்வதுதான் என் கணிப்பில் மிகப் பெரிய தடயம். எதிரணியின் தாக்குதல் இவன் அணியின் இடது பக்கம் நடக்கிறது, இவன் வலது ஃபுல் பேக். நல்லவன் உள்ளே நகர்ந்து, பக்கத்திலுள்ள சென்டர் பேக்கோடு சேர்ந்து நிற்பான். இருவருக்கும் நடுவில் ஒருவன் புகுந்து ஓட வழி இருக்காது. உடல் பாதி பந்தை நோக்கியும் பாதி தன் விங்கரை நோக்கியும் திரும்பியிருக்கும். சில விநாடிகளுக்கு ஒருமுறை தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை போகும். அந்தப் பார்வைகளை எண்ணுங்கள். பத்து நிமிடத்தில் ஒருமுறைகூடத் திரும்பாதவன், தூரக் கம்பத்துக்கு வரும் கிராஸில் ஒருநாள் தன் முதுகுக்குப் பின்னால் கோல் வாங்குவான். திரும்பத் திரும்பப் பார்ப்பவன் மெதுவாக ஓடினாலும் சரியான இடத்துக்கு முதலில் வந்து நிற்பான். வேகத்தை எல்லோரும் கவனித்துவிடுகிறார்கள். இதைக் கவனிப்பவர்கள் குறைவு.

இப்போது விங்கர் நேருக்கு நேர் வருகிறான். பையனின் கால்களைப் பாருங்கள். ஓடிப்போய் பந்தின் மேல் விழுகிறானா, கடைசி இரண்டு மீட்டரில் வேகத்தைக் குறைத்து, பக்கவாட்டாக நின்று, விங்கரை ஒரு பக்கமாக மட்டும் போகவிடுகிறானா? காத்திருக்கத் தெரிந்தவனுக்குத் துணைக்கு ஆள் வந்துசேரும். சறுக்கிப் பந்தைப் பறிக்கும் டாக்கிளுக்கு அரங்கமே எழுந்து நிற்கும். ஆனால் அதை மட்டும் நம்பிக் கணிக்கக் கூடாது. வான்-பிசாகாவின் டாக்கிளுக்கு அவர் தலைமுறையில் இணை சொல்வது கடினம். 2019-இல் மான்செஸ்டர் யுனைடெட் பெரும் தொகை கொடுத்து அவரை வாங்கியது. தாக்குதலில் அவர் கொடுத்தது போதுமா என்ற கேள்வி அங்கே கடைசிவரை தீரவில்லை.

பந்து அவனிடம் வரும்போது பக்கக் கோடும் ஓர் எதிரிதான். ஃபுல் பேக்குக்கு 180 பாகைதான் உலகம். எதிரணிகள் நெருக்குவதற்கு அவனைத் தேர்ந்தெடுப்பதும் அதனால்தான். முதல் தொடுகையில் உடலை உள்பக்கம் திறந்து, பந்து வருமுன்பே அடுத்த பாஸைக் கண்டுவைத்திருக்கிறானா என்று பாருங்கள். கிராஸ்களின் எண்ணிக்கையைப் பொருட்படுத்த வேண்டாம்; அடிக்குமுன் தலை நிமிர்ந்ததா என்பதே கேள்வி. மற்றக் காலையும் சோதியுங்கள். ஃபிலிப் லாம் வலதுகாலர். ஆனாலும் 2006 உலகக் கோப்பையின் முதல் கோலை இடது ஃபுல் பேக்காக ஆடி, உள்ளே வெட்டி வந்து வலது காலால் அடித்தார்.

ஓட்டத்துக்கு ஒரே சோதனை போதும். 75-ஆவது நிமிடத்தில் முன்னே போன பிறகு, யாரும் கத்தாமலே திரும்பி ஓடி வருகிறானா?

தவறு செய்தபின் நடப்பதைப் பார்க்காமல் எழுந்து போய்விடாதீர்கள். 2018 மார்ச் 10 அன்று ஓல்டு டிராஃபர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டின் மார்கஸ் ராஷ்ஃபோர்டு, அலெக்சாண்டர்-ஆர்னால்ட் காத்த பக்கத்திலிருந்தே முதல் 25 நிமிடத்துக்குள் இரண்டு கோல் அடித்தார். அன்று மட்டும் பார்த்த ஒருவர் 'தற்காக்கத் தெரியாது' என்று எழுதியிருப்பார். ஏப்ரல் 4 அன்று சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் மான்செஸ்டர் சிட்டியின் லெராய் சானேவை அதே 19 வயதுப் பையன் அடக்கிவைத்தார். லிவர்பூல் 3-0 என வென்றது. ஆகவே குறைந்தது மூன்று ஆட்டம் பாருங்கள். அதில் ஒன்று வெளி மைதானத்தில், தன்னைவிட வேகமான விங்கருக்கு எதிராக இருக்கட்டும்.

கடைசியாக, தேறியவனுக்கு ஆட இடம் உண்டா என்பதையும் அறிக்கையில் எழுத வேண்டும். 170 சென்டிமீட்டர் உயர லாமுக்கு பயர்ன் மியூனிக்கில் அப்போது இடமில்லை; ஃபுல் பேக்குகளாக லிசராசுவும் சான்யோலும் இருந்தார்கள். 2003 முதல் இரண்டு பருவம் ஸ்டுட்கார்ட்டுக்குக் கடனாகப் போய், வாரந்தோறும் ஆடித்தான் வளர்ந்தார். ரிசர்வ் பெஞ்சில் எந்த ஃபுல் பேக்கும் முதிர்வதில்லை.

'வேண்டாம்' என்று எழுதுமுன், மறு ஆண்டு இன்னொரு முறை பார்க்கிறேன் என்றும் எழுதுங்கள். ஆண்ட்ரூ ராபர்ட்சன் 15 வயதில் உடல் சிறியது என்று செல்டிக்கால் அனுப்பப்பட்டவர். 2012-இல் ஸ்காட்லாந்தின் நான்காம் நிலை லீக்கில், சம்பளமில்லாத குயின்ஸ் பார்க் அணியில் ஆடிக்கொண்டிருந்தார். 2017-இல் லிவர்பூல் அவரை 80 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. 2019 ஜூன் 1 அன்று மாட்ரிட்டில் லிவர்பூல் சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்றபோது வலது ஃபுல் பேக் அலெக்சாண்டர்-ஆர்னால்ட், இடது ஃபுல் பேக் ராபர்ட்சன்.