கூட்டு யாத்திரை

நண்பர் பலர் கூடிச் செல்லும் யாத்திரை இனிதே. அதற்கு ஏற்பாடு செய்தலோ எளிதன்று. இதனை யாம் பட்டறிந்தோம்.

1706-இல் சீகன்பால்கு ஐயர் வந்திறங்கியதும், 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியதுமான தரங்கம்பாடியைக் காண, சென்ற விடுமுறையில் யாம் பன்னிருவர் துணிந்தோம். நாள் குறிப்பதிலேயே ஒரு வாரம் கழிந்தது. ஒருவர்க்கு இசைந்த நாள் மற்றொருவர்க்கு இசையவில்லை. திருச்சியிலிருந்து வேன் வாடகை 9,600 ரூபாய், தலைக்கு 800. புறப்படுதற்கு முன்னாள் நால்வர் விலகினர். ஆள் குறைந்தும் வாடகை குறையவில்லை; எஞ்சிய எண்மர்க்கும் பங்கு 1,200 ஆயிற்று. அன்று மாலை மற்றுமொரு நண்பர் தமக்கு உடல்நலமில்லை என்றார். அவரிடம் இருந்தது 800 ரூபாயே என்பதைப் பின்னர் அறிந்து நாணினோம். யாத்திரையும் நின்றது.

இதனால் யாம் கற்றவை மூன்று. முதலாவது, எளியவரால் இயலும் தொகையைத் தனித்து வினவியறிந்த பின்னரே திட்டம் வகுத்தல். இரண்டாவது, ஒவ்வொருவர் பங்கையும் முன்னரே பெற்றுக்கொண்டு வண்டி பேசுதல். மூன்றாவது, கூடுமாயின் இரயிலையும் பஸ்ஸையும் நாடுதல்; அங்கே தலைக்கொரு கட்டணமாதலின், ஒருவர் விலகினும் பிறர்க்குச் சுமையாகாது.

மறுமாதம் மயிலாடுதுறை வரை இரயிலிலும், அப்பால் பஸ்ஸிலுமாகச் சென்றோம். 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்தினுள் ஒன்பதின்மர் நின்று தொழுதோம். அந்நண்பரும் எம்முடன் இருந்தார்.