கூடாமல் குறையாமல் 10 லட்சம்

கரையோரக் கடலில் ஒரு மில்லிலிட்டர் நீரை எடுத்தால், ஏறக்குறைய இருபது சொட்டு, அதில் சுமார் 10 லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கும். இது நெடுங்காலம் தெரியாமலே இருந்தது. ஆய்வகத் தட்டில் கடல்நீரை ஊற்றி வளர்த்தால் நூற்றில் ஒன்றுகூட முளைக்காது. முளைத்ததை மட்டும் எண்ணியவர்கள் கடலில் பாக்டீரியா சொற்பம் என்றே நினைத்தார்கள். 1977இல் ஜான் ஹாபியும் கூட்டாளிகளும் நுண்துளை வடிதாளில் அவற்றைப் பிடித்து, ஒளிரும் சாயமேற்றி எண்ணும் முறையைச் செம்மைப்படுத்தியபோது உண்மைக் கணக்கு வெளிவந்தது.

அடுத்து வந்த கேள்விதான் சுவையானது. டி.என்.ஏ.வின் மூலப்பொருளான தைமிடினில் கதிரியக்க அடையாளமிட்டு நீரில் கலந்து, பாக்டீரியா அதை எவ்வளவு வேகமாக உள்வாங்குகிறது என்று ஜெட் ஃபர்மனும் ஃபரூக் அசாமும் அளந்தார்கள். கரையோர பாக்டீரியாக்கள் சும்மா கிடக்கவில்லை, சுறுசுறுப்பாகப் பெருகின. நாளுக்கு ஒருமுறை இரட்டித்தாலே பத்து நாளில் ஆயிரம் மடங்காக வேண்டும். ஆனால் எண்ணிக்கை பெரிதாக ஏறவே இல்லை. அப்படியானால் யாரோ தின்கிறார்கள்.

டென்மார்க்கின் டாம் ஃபென்சல் அந்த வேட்டைக்காரர்களை அடையாளம் காட்டினார். சில மைக்ரான் அளவே உள்ள ஒற்றைச் செல் உயிர்கள். சாட்டை போன்ற இழையை வீசி நீரோட்டம் உண்டாக்கி, அதில் வரும் பாக்டீரியாவைப் பிடித்து விழுங்குகின்றன. ஒரு மணி நேரத்தில் தன் உடல் கொள்ளளவைப்போல லட்சம் மடங்கு நீரை ஒன்றே சலித்துவிடும்!

எவ்வளவு தின்கின்றன என்று அளக்கும் வழி இன்னும் அழகு. உயிர்கள் அனைத்தையும் வடித்தெடுத்த கடல்நீரைச் சேர்த்து மாதிரியை நீர்க்கச் செய்வார்கள். சிறு முற்றத்தில் ஆடும் ஓடிப்பிடிச்சு விளையாட்டைப் பெரிய மைதானத்துக்கு மாற்றியதுபோல, பிடிப்பவர் கையில் ஆள் சிக்குவது குறையும். பாக்டீரியா இரட்டிக்கும் வேகமோ மாறாது. பல அளவில் நீர்த்த குப்பிகளை ஒரு நாள் வைத்திருந்து ஒப்பிட்டால் வளர்ச்சி தனி, மேய்ச்சல் தனி என்று பிரித்துவிடலாம். லாண்ட்ரியும் ஹாசெட்டும் 1982இல் மிதவைப் பாசிகளுக்காக வெளியிட்ட இந்த முறை, பிறகு பாக்டீரியாவுக்கும் வந்தது.

பாக்டீரியாவும் எளிதில் மாட்டுவதில்லை. சில வகைகள் விழுங்க முடியாத நீள இழைகளாக வளர்ந்து தப்பிக்கின்றன.

பாசிகளிலிருந்து கசிந்து கரைந்துபோன உணவை பாக்டீரியா மீட்கிறது. பாக்டீரியாவைத் தின்னும் நுண்ணுயிர் வழியே அந்த உணவு மேலே ஏறி, மீன் குஞ்சுகள் வரை போகிறது. 1983இல் அசாமும் ஃபென்சலும் மேலும் நால்வரும் இந்தச் சுழற்சியை விளக்கினார்கள். வைரஸ் தாக்கிச் செத்தால் கதை வேறு: பாக்டீரியா வெடித்து, உள்ளிருந்த உணவு மறுபடி நீரில் கரைந்து, மற்ற பாக்டீரியாக்களுக்கே போய்ச் சேர்கிறது.