இறுகிப்போன பிளைவீல்: சுத்தியலைத் தூக்கும் முன் யோசியுங்கள்

எமது தோட்டங்களில் படிப்பை முடித்த பிள்ளைகள் பலர் இன்று ஹட்டன், தலவாக்கலை, நாவலப்பிட்டி, நுவரெலியா பக்கத்துக் கராஜ்களில் பாஸ்மாரிடம் வேலை பழகுகிறார்கள். அங்கே அவர்கள் கைக்கு அதிகமாக வருவது புது வாகனம் அல்ல, பழசுதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். அதற்கிடையில் பழைய வண்டிகளின் விலை எங்கேயோ ஏறிவிட்டது. ஒரு காலத்தில் தோட்டத்துத் துரைமாரும் டாக்டர்மாரும் ஓட்டிய மொரிஸ் மைனரைக்கூட இன்று யாரும் இரும்புக் கடைக்குப் போடுவதில்லை. 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் 16 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட கார் அது.

இப்படிப்பட்ட பழைய எஞ்சினைப் பிரிக்கும்போது ஒரு இடத்தில் பலரும் மாட்டிக்கொள்வார்கள். போல்ட் எல்லாம் கழன்றுவிடும், பிளைவீல் மட்டும் அசையாது. பொறுமை போய்ச் சுத்தியலைத் தூக்குவது அப்போதுதான். சாமான் உடைவதும், கால் நசுங்குவதும் அப்போதுதான். ஆகவே இந்த இதழில் அதைப்பற்றி எழுதுகிறோம்.

பிளைவீல் எதற்கு?

நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் பலம் கொடுக்கும். மற்ற நேரத்தில் எஞ்சினை இழுத்துக்கொண்டு போவது பிளைவீலின் பாரம். வீட்டுத் தையல் மெஷினைப் பாருங்கள். மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றுமே, அதே விஷயம்தான். பழைய தேயிலை ஸ்டோர்களில் டீசல் எஞ்சினுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்குச் சக்கரம் இருந்ததும் இதற்காகத்தான்.

பாரம் தேவை என்பதால் அதை வார்ப்பிரும்பில் செய்தார்கள். சின்னக் காரிலேயே ஏழெட்டு கிலோ இருக்கும். லொறி என்றால் அதைப்போல் சில மடங்கு. வார்ப்பிரும்பு வளையாது, வெடிக்கும். மயிர் அளவு வெடிப்பு விழுந்த பிளைவீலைத் திரும்பப் பூட்டினால், நிமிடத்துக்கு 3000 சுற்று, அதாவது செக்கனுக்கு 50 சுற்று சுற்றும்போது அது சிதறலாம். சிதறிய துண்டு கிளட்ச் கூட்டைப் பிளந்துகொண்டு வண்டிக்குள் இருப்பவர் காலுக்கு வரும்.

ஏன் கழலாது?

முதலில் எந்த வகை என்று பாருங்கள். இரண்டு வகை உண்டு.

மொரிஸ் மைனர் போன்ற கார்களில் கிராங்க் தண்டின் முனையில் ஒரு தட்டு இருக்கும். பிளைவீல் அந்தத் தட்டில் இறுக்கமாகப் பொருந்தி, போல்ட்டுகளால் பூட்டப்பட்டிருக்கும். டவல் என்னும் சின்ன இரும்பு முளைகளும் அதைப் பிடித்திருக்கும். எமது மலைநாட்டு மழையிலும் பனியிலும் வருடக்கணக்காக நின்ற வண்டியில் அந்த இடுக்கில் துரு ஏறிவிடும். போல்ட்டைக் கழற்றிய பிறகும் பிடித்திருப்பது அந்தத் துருதான்.

இரண்டாவது, கூம்புத் தண்டு வகை. 1959இல் வந்த மினி கார் இப்படிப்பட்டது. திரீவீலர், மோட்டார் சைக்கிள்களில் உள்ள மெக்னட் பிளைவீலும் பொதுவாக இதே வகைதான். இங்கே கூம்பும் குழியும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்கும். துரு இல்லாவிட்டாலும் கையால் வராது.

போல்ட் வகையைக் கழற்றும் முறை

1. எஞ்சினை உறுதியான ஸ்டாண்டில் அல்லது கட்டைகளின் மேல் ஆடாமல் நிறுத்துங்கள். கீழே ஒரு பழைய டயரைப் போடுங்கள். பாதத்தை மூடிய சப்பாத்துப் போடுங்கள். பாட்டா செருப்போடு இந்த வேலை வேண்டாம்.

2. கிளட்ச் பிரஷர் பிளேட் போல்ட்டுகளை ஒரே பக்கமாகக் கழற்றாமல், எதிரெதிராக, ஒவ்வொன்றையும் ஒரு சுற்றாகத் தளர்த்துங்கள். பழைய கிளட்ச் பிளேட்டுகளில் அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கும். அந்தத் தூசியை வாயால் ஊதவோ காற்றுக்குழாயால் அடிக்கவோ கூடாது. நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. ஈரத்துணியால் துடைத்துத் துணியையும் பைக்குள் கட்டிப் போடுங்கள்.

3. பிளைவீலிலும் கிராங்க் தட்டிலும் நேருக்கு நேராக ஒரு அடையாளம் போடுங்கள். பல எஞ்சின்களில் டைமிங் குறி பிளைவீலில்தான் இருக்கிறது. மாற்றிப் பூட்டினால் அந்தக் குறி பொய் சொல்லும்.

4. லொக் தகடுகளின் மடிப்பை நிமிர்த்தி, பல்லுக்குத் தடை வைத்து, போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். இரண்டு போல்ட்டுகளை மட்டும் எதிரெதிராக, சில மரைகளில் தொங்க விட்டு வையுங்கள். பிளைவீல் திடீரென்று விடுபட்டாலும் அந்த இரண்டும் பிடித்துக்கொள்ளும். இந்த ஒரு விஷயத்தை மறந்தால்தான் கால் போகிறது.

5. நடுவிலும் டவல் முளைகளைச் சுற்றியும் துரு இளக்கும் எண்ணெயை விடுங்கள். ஒரு இராப் பொழுது ஊற விடுங்கள். காலையில் இன்னொரு தடவை விடுங்கள். பாதி வேலையை எண்ணெயே செய்துவிடும்.

6. பிறகு ஸ்டார்டர் மோட்டார் இருந்த துவாரத்தின் வழியாகப் பித்தளைக் கம்பி அல்லது கடின மரக்கட்டையை வைத்து, பின்பக்கமிருந்து மெதுவாகத் தட்டுங்கள். பல்லில் தட்டக் கூடாது. ஒரு தட்டு, கால் சுற்றுத் திருப்பு, மறுபடி ஒரு தட்டு. ஒரே பக்கம் தட்டினால் சக்கரம் கோணலாகி இன்னும் இறுகும். நாலு பக்கமும் சமமாக நகர வேண்டும். சில எஞ்சின்களில் தள்ளி எடுப்பதற்கென்றே பிளைவீலில் மரை போட்ட துளைகள் இருக்கும். இருந்தால் அவற்றில் போல்ட் போட்டு மாறி மாறி முறுக்குங்கள், தட்டவே தேவையில்லை.

7. அசைந்ததும் இரண்டு பேராகப் பிடித்து, தொங்கும் போல்ட்டுகளை எடுத்து இறக்குங்கள்.

கூம்பு வகைக்கு

இதற்குப் புலர் வேண்டும், வேறு வழி இல்லை. மினியில் நடு போல்ட்டைச் சில சுற்றுத் தளர்த்தி உள்ளேயே விட்டுவிட்டுப் புலரைப் பூட்டுங்கள். புலரை நன்றாக இறுக்கி, அதன் நடுத் தண்டின் தலையில் ஒரே ஒரு தட்டு. "டக்" என்று சத்தம் கேட்கும், கூம்பு விட்டுவிடும். நடு போல்ட் இல்லாவிட்டால் அந்த நேரத்தில் சக்கரம் பாய்ந்து வரும். திரீவீலரில் அந்த மொடலுக்குரிய புலரையே பாவியுங்கள். இரண்டு ஸ்குறூட்ரைவரை இருபுறமும் கொடுத்து நெம்பினால் கேசிங் வெடிக்கும். அதன் விலை புலரின் விலையைவிடப் பல மடங்கு. புலர் இல்லையென்றால் பக்கத்துக் கராஜில் இரவல் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

வெல்டிங் டோர்ச்சால் சூடு காட்டலாமா என்று தம்பிமார் கேட்கிறார்கள். வேண்டாம். எண்ணெய் ஊறிய இடத்தில் தீப்பிடிக்கும். கிளட்ச் உரசும் முகம் கோணும். அதோடு பல் வளையம் சூடாக்கித்தான் பிளைவீலில் ஏற்றப்பட்டது. சூடு பட்டால் அது தளர்ந்து கழன்று வரும்.

திரும்பப் பூட்டும்போது துருவைச் சுரண்டி, வெடிப்பு இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பார்த்து, பிளைவீல் முகத்தில் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்துப் பூட்டுங்கள். இல்லாவிட்டால் கிளட்ச் வழுக்கும். கினிகத்தேனை ஏற்றத்தில் அது தெரிந்துவிடும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

எமக்குத் தெரிந்த ஒரு பிள்ளை, கராஜில் சேர்ந்து மூன்றாம் மாதம், பிளைவீல் விழுந்து கால் விரல் இரண்டை இழந்தது. வேலைக்குச் சேர்ந்ததற்கு ஒரு துண்டுக் கடிதம்கூட இல்லை. கேட்டால் "பழகத்தானே வந்தான்" என்றார்கள்.

வேலை செய்யும்போது அடிபட்டால் நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. அது தோட்டத்துக்கு மட்டும் உரியதல்ல. பிள்ளை சேர்ந்த திகதி, முதலாளி பெயர், கிடைக்கும் கூலி ஆகியவற்றை வீட்டில் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அடிபட்டால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசு வாங்காமல் வரும். வைத்தியசாலையில் எங்கே, எப்படி அடிபட்டது என்பதை உள்ளபடி சொல்லிப் பதியுங்கள். வீட்டில் விழுந்ததாகச் சொன்னால் பிறகு எதையும் கேட்க முடியாது.

கையால் பழகிய தொழிலுக்கும் இன்று சான்றிதழ் உண்டு. கராஜில் வேலை பழகிய பிள்ளை வகுப்புக்குப் போகாமலே தன் திறமையைச் செய்து காட்டி, என்.வி.கியூ. சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். விபரத்தைத் தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும், நைட்டா நிறுவனத்திலும் கேட்டறியலாம். அல்லது எமது காரியாலயத்துக்கு வாருங்கள், விண்ணப்பத்தை நிரப்பித் தருகிறோம்.

தம்பிமாரே, பிளைவீல் அசையவில்லை என்றால் அதை எதுவோ பிடித்திருக்கிறது என்று அர்த்தம். எது என்று தேடிப் பாருங்கள். ஒரு நாள் தாமதமானால் பாஸ் ஏசுவார், அவ்வளவுதான். போன விரலை எந்தக் கராஜிலும் பூட்ட முடியாது.