சிரிப்பு யார்மீது விழுகிறது?

பிரசவ அறைக்குள் விலை உயர்ந்த கருவிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிவரச் சொல்கிறார்கள் இரண்டு மருத்துவர்கள். ‘இன்னும் ஏதோ குறைகிறதே’ என்று யோசிக்கிறார்கள். குறைவது நோயாளிதான்! கருவிகளுக்கு இடையே மறைந்து கிடக்கிறார் அந்தப் பெண். தான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் அவரிடம், அதற்கான தகுதி அவருக்கு இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள்.

‘மான்டி பைத்தான்’ என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழு 1983இல் வெளியிட்ட ‘தி மீனிங் ஆஃப் லைஃப்’ படத்தின் முதல் பகுதி இது. டெர்ரி ஜோன்ஸ் இயக்கிய இப்படம் ஒரே கதையாக நகராது. பிறப்பு, கல்வி, போர், மரணம் எனத் தனித்தனிப் பகுதிகளாகச் செல்லும். அந்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசையும் பெற்றது.

பிரசவத்தையும் மரணத்தையும் கேலி செய்யலாமா என்று சிலர் கேட்கலாம். படத்தைக் கவனித்துப் பாருங்கள். கேலிக்கு ஆளாவது தாயின் வலியல்ல, அதைக் கண்டுகொள்ளாத மருத்துவர்கள்தான். இறுதிப் பகுதியில் மரண தேவனே விருந்துக்கு நடுவே வந்து நிற்கிறான். வீட்டாரோ அவனையும் ஒரு விருந்தாளியாக நினைத்து உபசரிக்கிறார்கள். சாவை நினைக்கவே மறுக்கும் நம் மனத்தைப் பார்த்துத்தான் அங்கே சிரிக்கிறோம்.

ஆனால், மிகப் பருமனான ஒருவர் உணவகத்தில் அளவின்றிச் சாப்பிட்டு வெடிக்கும் காட்சி எனக்குப் பிடிக்கவில்லை. அங்கே சிரிப்பு அவருடைய உடல்மீதே விழுகிறது.

சில காட்சிகள் பெரியவர்களுக்கு மட்டுமே ஏற்றவை. எனினும், கல்லூரி விழாவுக்கு நகைச்சுவை நாடகம் எழுதும் எவரும் இந்த வேறுபாட்டைக் கற்றுக்கொள்ளலாம். எதைப் பற்றியும் சிரிக்கலாம். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.